அமெரிக்காவில் அனஸ்தீசியா நர்ஸ் ஆவது எப்படி? கடலூர், புதுச்சேரி நர்ஸ்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, ஜிப்மர், பிள்ளையார்குப்பம், காலாப்பட்டு பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரிகள் என்று எங்கே ஐசியூவில் நாலைந்து வருடம் நின்றவர்களானாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எனக்கு ஐசியூ அனுபவம் இருக்கிறதே, அமெரிக்காவில் சிஆர்என்ஏ, அதாவது மயக்கம் கொடுக்கும் சான்று பெற்ற நர்ஸ் ஆவதற்கான படிப்பில் நேராகப் போய்ச் சேரலாமா?"

முடியாது. ஆங்கிலமோ மதிப்பெண்ணோ இதற்குக் காரணமில்லை. சிஆர்என்ஏ பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் சிஓஏ என்ற அமைப்பு, சேருபவருக்குக் குறைந்தது ஓராண்டு முழுநேரத் தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் வேண்டும் என்கிறது. அந்த ஓராண்டும் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ கிடைத்ததாக இருக்க வேண்டும். ஜிப்மரில் பத்து வருடம் வென்டிலேட்டர் பார்த்திருந்தாலும், குவைத்தில் ஐந்து வருடம் இதய ஐசியூவில் இருந்திருந்தாலும், இந்தக் கணக்கில் அது பூஜ்யம்.

அதனால் இந்தப் பாதையில் உண்மையான இலக்கு முதலில் சிஆர்என்ஏ பள்ளி இல்லை, அமெரிக்க ஐசியூ. கீழே வரும் ஒவ்வொரு படியையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இது என்னை அமெரிக்க ஐசியூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா?

அந்த வேலை எப்படிப்பட்டது

நம் ஊர் ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுப்பது டாக்டர். பக்கத்தில் நிற்பது அனஸ்தீசியா டெக்னீஷியன். மயக்கம் கொடுப்பதில் நர்ஸுக்கு இடம் இல்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே நர்ஸ்கள் மயக்கம் கொடுக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அவர்களுக்கான சங்கம் 1931-இல் தொடங்கியது, சிஆர்என்ஏ என்ற பட்டப் பெயர் 1956-இல் வந்தது. மூச்சுக்குழாயில் குழாய் போடுவது, முதுகில் ஊசி போடுவது, அறுவை முடியும்வரை நோயாளியின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கையில் வைத்திருப்பது எல்லாம் அவர்கள் வேலை. சில மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலேயே செய்கிறார்கள். சின்ன ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் மயக்கம் கொடுக்க இவர்களைத் தவிர ஆளே கிடையாது.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பதால். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்கில் நர்ஸ் அனஸ்தடிஸ்டுகளின் நடுநிலை ஆண்டுச் சம்பளம் 2,23,210 டாலர். சாதாரண பதிவு நர்ஸுக்கு அதே கணக்கில் 93,600 டாலர்.

படி 1: கையில் இருக்கும் படிப்பு போதுமா

பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டு முடித்தவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டார்கள். ஜிஎன்எம் டிப்ளமா முடித்தவர்கள் அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸ் எழுதலாம், அமெரிக்காவில் நர்ஸாக வேலையும் பார்க்கலாம். ஆனால் சிஆர்என்ஏ பள்ளிக்கு இளநிலைப் பட்டம் கட்டாயம். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை இங்கேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. அங்கே போய் ஆன்லைனில் முடிக்கவும் வழி உண்டு, ஆனால் செலவு டாலரில்.

அனஸ்தீசியா டெக்னாலஜி பி.எஸ்சி. படித்த தம்பி தங்கைகளும் இதைக் கேட்கிறார்கள். பெயரில் அனஸ்தீசியா இருப்பதால் வரும் குழப்பம். அது நர்சிங் பட்டம் இல்லை. நர்ஸ் லைசென்ஸ் இல்லாமல் இந்தப் பாதையில் முதல் அடியே வைக்க முடியாது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அமெரிக்கா ஆசை இருந்தால், கவுன்சலிங்கில் இதை நினைவில் வையுங்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிக்கல் கேர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு. சிஓஏ கணக்கில் அது அனுபவமாகச் சேராது. ஆனாலும் ஐசியூ மருந்துகளையும் வென்டிலேட்டரையும் காரணத்தோடு கற்றுத்தரும் படிப்பு. அமெரிக்க ஐசியூ வேலைக்கான நேர்காணலில் உதவும். விசாவுக்குக் காத்திருக்கும் காலம் நீளமாக இருக்கும் என்று தெரிந்தால் படிக்கலாம். மற்றபடி கட்டாயமில்லை.

படி 2: பெயர், இனிஷியல், காகிதங்கள்

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். கவிதா", பட்டத்தில் "கவிதா எஸ்", நர்சிங் கவுன்சில் பதிவில் "கவிதா சுப்பிரமணியன்", பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். அமெரிக்கக் கணினிக்கு இவர்கள் நான்கு பேர். என்கிளெக்ஸ் தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் பொருந்தவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும்.

பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியலை விரித்து, முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டு கட்டங்களும் நிரம்பும்படி எடுங்கள். குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வொரு படிவத்திலும் தகராறு. மற்ற சான்றிதழ்களில் வேறுபாடு இருந்தால் நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, எல்லா விண்ணப்பங்களோடும் இணையுங்கள்.

அப்புறம் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது நீங்கள் படித்த பாடங்களின் முழு விவரப் பட்டியல். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் பெரும்பாலும் சென்னை கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், சிதம்பரம் ராணி மெய்யம்மை கல்லூரியின் பழைய மாணவர்கள் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிக் கல்லூரி என்றால் அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும் நர்சிங் கவுன்சிலும் தகவல்களை, வெளிநாட்டு நர்ஸ்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். நீங்களே கவர் ஒட்டி அனுப்பினால் செல்லாது. அந்த நிறுவனத்தை எல்லோரும் சிஜிஎஃப்என்எஸ் என்ற பழைய பெயரில்தான் சொல்கிறார்கள். 2025-இலிருந்து அதன் பெயர் ட்ருமெரிட்.

டிரான்ஸ்கிரிப்ட்டில் தியரி மணி நேரமும் கிளினிக்கல் மணி நேரமும் பாடவாரியாக இருக்க வேண்டும். மனநல நர்சிங், குழந்தைகள் நர்சிங், மகப்பேறு நர்சிங் மூன்றிலும் கிளினிக்கல் மணி நேரம் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்திலேயே நின்று பாருங்கள். லைசென்ஸ் தரும் அமெரிக்க மாநில நர்சிங் போர்டுகள் குறை கண்டுபிடிப்பது இங்கேதான்.

இன்னொன்று: வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. கொடுக்காதீர்கள். வெளிநாட்டு விண்ணப்பம் நடுவில் நிற்கும்போது அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

படி 3: என்கிளெக்ஸ்

நர்ஸ் லைசென்ஸுக்கான தேர்வு இது. எந்த மாநில போர்டில் விண்ணப்பிப்பது என்பதுதான் முதல் முடிவு. சில மாநிலங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லாமல் லைசென்ஸ் தராது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் அந்த எண் கேட்காத மாநிலமாகத் தேடிப் போக வேண்டும். பின்னால் வேறு மாநிலத்துக்கு லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம், மறுபடி தேர்வு இல்லை. தேர்வை இந்தியாவிலேயே பியர்சன் வியூ நிறுவனத்தின் தேர்வு மையங்களில் எழுதலாம். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150 டாலரும் வரியும்.

2023 ஏப்ரலிலிருந்து புதிய முறை. 85 கேள்வியில் முடியலாம், 150 வரை போகலாம். அதிகபட்சம் ஐந்து மணி நேரம். நம் நர்ஸ்களுக்குப் பாடம் பிரச்சினை இல்லை, கேள்வியின் மனசுதான் பிரச்சினை. நம் வார்டில் நோயாளிக்கு மூச்சுத் திணறினால் முதல் வேலை டியூட்டி டாக்டருக்குப் போன் போடுவது. என்கிளெக்ஸில் பல நேரம் அது தவறான விடை. முதலில் நீங்கள் பரிசோதித்து, உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதைச் செய்து, பிறகுதான் டாக்டர். அதேபோல எந்த வேலையை உதவியாளருக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்ற கேள்விகள் நிறைய வரும். நம் ஊரில் அட்டெண்டர் செய்யும் வேலைகளின் எல்லை எங்கும் எழுதியிருப்பதில்லை, அங்கே எழுதியிருக்கிறது. பயிற்சிக் கேள்விகளைப் போடும்போது தவறான விடைகளின் விளக்கத்தைப் படிப்பதில்தான் பாதித் தயாரிப்பு இருக்கிறது.

படி 4: எந்த வாசல் வழியாக நுழைவது

ஏஜென்சிக்காரர்கள் மெதுவாகச் சொல்லும் பகுதி இது. நான் நேராகவே சொல்கிறேன்.

நர்ஸ்களுக்கான வழக்கமான வாசல் இபி-3 என்ற கிரீன் கார்டு பிரிவு. நர்ஸ் பணி, ஆள் பற்றாக்குறை வேலைகளுக்கான ஷெட்யூல் ஏ பட்டியலில் இருப்பதால் மற்ற வேலைகளுக்கு வேண்டிய நீண்ட தொழிலாளர் சான்று நடைமுறை இதற்கு இல்லை. உங்களை வேலைக்கு எடுக்கும் மருத்துவமனை நேரடியாக ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவைப் போடலாம். அதுவரை சுலபம். ஆனால் ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கிறது, இந்தியாவிலிருந்து வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். 2025 இறுதியில் இந்தியர்களுக்கான இபி-3 வரிசையில் 2013-இல் மனு போட்டவர்களின் முறைதான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற பெரும்பாலான நாடுகளில் பிறந்தவர்களுக்கு அதே வரிசை இரண்டு மூன்று வருடத்தில் நகர்ந்தது. பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் வேகமாகப் போய்விட்டார் என்று யாராவது காட்டினால் அதற்குக் காரணம் இதுதான்.

"பதினெட்டு மாதத்தில் அமெரிக்கா" என்று பாண்டியில் போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இந்தியாவில் பிறந்தவருக்கு இன்றைய விசா புல்லட்டினில் எந்தத் தேதி ஓடுகிறது? அமெரிக்க வெளியுறவுத் துறை அதை மாதாமாதம் வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம்.

இந்த வரிசையில் மூன்று விஷயங்கள் நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம்.

ஒன்று, கணக்கு குடியுரிமையை வைத்து இல்லை, பிறந்த நாட்டை வைத்து. புதுச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்களில் இது அடிக்கடி குழப்பம் தரும். முத்தியால்பேட்டையில் பிறந்து பிரெஞ்சுக் குடிமகளாக இருந்தாலும் நீங்கள் இந்திய வரிசையில்தான். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தபோது பிரான்ஸிலோ பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவிலோ பிறந்தவர் என்றால் பிரான்ஸ் வரிசை. அங்கே காத்திருப்பு மிகக் குறைவு.

இரண்டு, கணவரோ மனைவியோ பிறந்த நாட்டின் வரிசையையும் எடுத்துக்கொள்ளலாம். கடலூர், பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் பிறந்தவர்கள் எத்தனை பேர்! இலங்கையில் பிறந்து இங்கே வந்தவர்களும் உண்டு. உங்கள் கணவர் கோலாலம்பூரில் பிறந்தவர் என்று பிறப்புச் சான்றிதழ் சொன்னால், பத்துக்கும் மேற்பட்ட வருடங்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கலாம். மனு போடும்போதே வழக்கறிஞரிடம் இதைச் சொல்லுங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மூன்று, ஐ-140 தாக்கலான நாள்தான் உங்கள் பிரயாரிட்டி டேட், அதாவது வரிசையில் உங்கள் இடம். மனு ஏற்கப்பட்டுவிட்டால், மோசடி போன்ற காரணத்தால் ரத்தானால் ஒழிய, பின்னால் வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அந்தத் தேதி உங்களுடையது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். அதனால் என்கிளெக்ஸ் முடிந்தவுடன் மனு போடக்கூடிய நிறுவனத்தைப் பிடியுங்கள். பிறகு இங்கே உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எம்ஆர்பி (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலையில் இருப்பவர்கள், வரிசை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு வாசல் கல்யாணம் வழியாக வருவது. ஐடி வேலையில் எச்-1பி விசாவில் இருக்கும் கணவரோடு எச்-4 விசாவில் போகும் நர்ஸ்கள் நம்மில் நிறைய. கணவருக்கு ஐ-140 ஏற்கப்பட்டிருந்தால், 2015-இல் வந்த விதிப்படி நீங்கள் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை கையில் இருந்தால் என்கிளெக்ஸ் எழுதி, லைசென்ஸ் வாங்கி, நேராக ஐசியூவில் வேலைக்குச் சேரலாம். என் பார்வையில் இன்றைக்கு இந்தியாவில் பிறந்த நர்ஸுக்குச் சாத்தியமான மிக வேகமான வழி இதுதான். அட்டையைப் புதுப்பிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். காலாவதியானாலும் தானாக நீட்டிக்கப்படும் சலுகை 2025 அக்டோபர் 30 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. 180 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வேலை அனுமதி இன்னும் வராத எச்-4 நர்ஸ்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. படிக்க அனுமதி உண்டு. கம்யூனிட்டி காலேஜில் வேதியியலும் புள்ளியியலும் முடித்து வையுங்கள், பின்னால் உதவும்.

மாணவர் விசாவில் நேராக சிஆர்என்ஏ படிக்கப் போவது? அமெரிக்க ஐசியூ அனுபவம் இல்லாமல் சேர முடியாது, மாணவர் விசாவில் அந்த அனுபவத்தைச் சேர்ப்பது மிகக் கடினம். நடைமுறையில் அந்த வாசல் அடைப்பு.

ஆங்கிலத் தேர்வும், விசாவுக்கு வேண்டிய விசாஸ்கிரீன் என்ற தகுதிச் சான்றிதழும் இந்தப் படியில்தான் வரும். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் மொத்தம் 6.5, பேச்சில் 7 வேண்டும். பேச்சுப் பகுதியில்தான் பலர் அரைப் புள்ளியில் தட்டுகிறார்கள். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியும் ஏற்கிறார்கள், நோயாளியோடு பேசும் பாணி என்பதால் நர்ஸ்களுக்கு அது கொஞ்சம் வசதி. தேர்வு மதிப்பெண்ணின் ஆயுள் இரண்டு வருடம், விசாஸ்கிரீனின் ஆயுள் ஐந்து வருடம். இந்திய வரிசையில் நிற்பவர்கள் இதையெல்லாம் முதல் வருடமே வாங்கிவிட்டால் பணம் வீண். உங்கள் தேதி நெருங்கும்போது எடுத்தால் போதும்.

படி 5: ஒப்பந்தத்தில் எந்த வார்டு

விசா வந்துவிட்டது, ஏஜென்சி ஒப்பந்தத்தை நீட்டுகிறது. சம்பளத்தைப் பார்ப்பீர்கள், ஊரைப் பார்ப்பீர்கள். முதலில் வார்டைப் பாருங்கள்.

வெளிநாட்டு நர்ஸ்களைப் பெரும்பாலும் பொது மருத்துவ வார்டிலோ முதியோர் இல்லத்திலோ போடுகிறார்கள். அங்கேதான் ஆள் பற்றாக்குறை அதிகம். ஒப்பந்தம் இரண்டு மூன்று வருடம், நடுவில் விட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். அந்த மூன்று வருடமும் சிஆர்என்ஏ கணக்கில் ஒரு நாள்கூடச் சேராது. "போனதும் ஐசியூவுக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். எந்த வகை ஐசியூ, எத்தனை படுக்கை, எத்தனை வாரப் பயிற்சி, வார்டு மாற்றக் கோரிக்கை எத்தனை மாதத்தில் பரிசீலிக்கப்படும் எல்லாம் காகிதத்தில் வரட்டும். முதலில் ஐசியூ கிடைக்கவே இல்லை என்றால், பின்னால் அதே மருத்துவமனைக்குள் ஐசியூவுக்கு மாறிக்கொண்டாலும் அபராதம் இல்லை என்ற வரியாவது இருக்கட்டும். அபராதத் தொகை காலப்போக்கில் குறையும்படி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐசியூ வேலையை வாங்கித் தருவது உங்கள் இந்திய அனுபவம்தான். சிஓஏ எண்ணாத வருடங்களை வேலைக்கு எடுக்கும் மேனேஜர் எண்ணுவார். அதனால் இங்கே இருக்கும் வரை வார்டைவிட ஐசியூ, பொது ஐசியூவைவிட இதய அறுவை ஐசியூ என்று கேட்டு வாங்குங்கள். ஆர்டீரியல் லைன், சென்ட்ரல் லைன், வென்டிலேட்டர், ரத்த அழுத்த மருந்து இன்ஃப்யூஷன், டயாலிசிஸ் என்று நீங்கள் கையாண்டவற்றைப் பெயர் சொல்லி ரெஸ்யூமில் எழுதுங்கள். "ஐசியூவில் 5 ஆண்டு" என்ற ஒற்றை வரியால் பயனில்லை.

படி 6: அமெரிக்க ஐசியூவில்

பள்ளிகள் மதிப்பது நோயாளியின் கடுமையை. பெரிய ட்ராமா (விபத்துக் காய) மருத்துவமனையின் அறுவை ஐசியூ, இதய அறுவை ஐசியூ முதலியவற்றுக்கு முதல் மரியாதை. அவசரப் பிரிவு அனுபவத்தைச் சில பள்ளிகள் ஏற்பதில்லை. விதி ஓராண்டு என்றாலும் போட்டியில் இரண்டு மூன்று வருடம் உள்ளவர்கள் நிற்பார்கள்.

நம் ஊரிலிருந்து போகும் நர்ஸுக்கு அங்கே பெரிய மாற்றம் ஒன்று உண்டு. இங்கே ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து எத்தனை எம்எல் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்வார். அங்கே "சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேல் வை" என்று ஆர்டர் இருக்கும், ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் முடிவு. முதல் சில மாதங்கள் பயமாக இருக்கும். சிஆர்என்ஏ பள்ளி தேடுவது சரியாக இந்தத் திறனைத்தான். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஏன் என்று உங்களுக்கே பதில் சொல்லிப் பழகுங்கள்.

தீவிர சிகிச்சை நர்ஸ்களுக்கான சிசிஆர்என் சான்றிதழை இந்தக் காலத்தில் எடுங்கள். தகுதி: முந்தைய இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் தீவிர சிகிச்சை நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும், அதில் 875 மணி கடைசி வருடத்தில். வாரம் 36 மணி நேரம் என்று வைத்தால் ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிடும். தேர்வு 150 கேள்வி, மூன்று மணி நேரம். பல பள்ளிகள் கட்டாயம் என்கின்றன, கட்டாயமில்லாத இடத்திலும் எல்லோரிடமும் இருக்கும்.

மருத்துவமனையில் இருக்கும் ஒரு சிஆர்என்ஏவிடம் கேட்டு, அவரோடு தியேட்டரில் ஒன்றிரண்டு நாள் நின்று பாருங்கள். ஷேடோயிங் என்பார்கள், பல பள்ளிகள் அதற்குச் சான்று கேட்கும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அங்கே அது சாதாரணம்.

படி 7: விண்ணப்பமும் நேர்காணலும்

பட்டத்தின் சராசரி 4-க்கு 3.0 என்பது பெரும்பாலான பள்ளிகளின் அடிமட்டம். இந்திய மதிப்பெண்ணை மதிப்பீட்டு நிறுவனம் மாற்றித் தரும். அரியர் இருந்திருந்தால் டிரான்ஸ்கிரிப்ட்டில் தெரியும். அதைச் சரிக்கட்ட ஒரே வழி, அமெரிக்கக் கல்லூரியில் வேதியியல், உடலியங்கியல், புள்ளியியல் போன்ற பாடங்களை எடுத்து ஏ கிரேடு வாங்குவது. அறிவியல் பாடங்கள் இத்தனை வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று சில பள்ளிகள் கெடு வைத்திருப்பதால், நம்மவர்களில் பலருக்கு எப்படியும் இது தேவைப்படும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று ஐசியூ மேனேஜரிடமிருந்து வர வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தையும் உங்கள் விசா நிலையையும் ஏற்பார்களா என்று விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பள்ளிக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும்.

நேர்காணலில் இரண்டு விதக் கேள்விகள் வரும். ஒன்று மருத்துவம். எடுத்துக்காட்டாக, "வென்டிலேட்டரில் பீப் (மூச்சு வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) ஏற்றியதும் ரத்த அழுத்தம் இறங்கியது, ஏன்?" மார்புக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, வலது கீழறை சரியாக நிரம்புவதில்லை, அதனால் இதயம் வெளியேற்றும் அளவு குறைகிறது என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். "ஃபெனைல்எஃப்ரின் கொடுத்ததும் நாடி குறைந்தது, ஏன்?" அது ஆல்ஃபா-1 ஏற்பிகளில் மட்டும் வேலை செய்கிறது, ரத்தக்குழாய் இறுகி அழுத்தம் ஏறுகிறது, ரத்த அழுத்தத்தை உணரும் பேரோரிசெப்டர்கள் அதைக் கண்டு நாடியை இறக்குகின்றன. செப்டிக் ஷாக்கில் நார்எபிநெஃப்ரின் (நார்அட்ரினலினின் அமெரிக்கப் பெயர்) ஏன் முதலில், அதன் அளவு ஏறிக்கொண்டே போனால் வாசோபிரெசின் ஏன் சேர்க்கிறோம் என்பதும் இப்படித்தான். மருந்தின் பெயரும் அளவும் தெரிந்தால் போதாது, ஏற்பி வரை போக வேண்டும்.

மற்றொன்று உங்களைப் பற்றி. டாக்டரோடு கருத்து வேறுபட்டபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். "டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்ற பணிவு நம் ஊரில் நல்ல பெயர் வாங்கித் தரும், அங்கே இடத்தை இழக்கவைக்கும். நோயாளிக்காக மரியாதையோடு எதிர்த்துப் பேசிய ஒரு உண்மைச் சம்பவத்தைத் தயாராக வைத்திருங்கள்.

படி 8: பணம்

கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் பல பள்ளிகளில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். படிக்கும்போது வேலை பார்ப்பதைப் பெரும்பாலான பள்ளிகள் அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் உடம்பு ஒத்துழைக்காது. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் அரசுக் கடன் கிடைக்கும், எச்-4இல் இருந்தால் கிடைக்காது. முன்பு முழுச் செலவுக்கும் கடன் தந்த கிராட் பிளஸ் திட்டம், 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு இல்லை. இனி உச்சவரம்பு உண்டு. உங்களுக்கு எவ்வளவு என்பதைப் பள்ளியின் நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐசியூவில் இருக்கும் வருடங்களில் ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. அமெரிக்கா போன பெண் வில்வநகரில் வீடு கட்டுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கட்டலாம், படிப்புக்குப் பிறகு.

படி 9: 36 மாதங்கள்

2022 ஜனவரியிலிருந்து சேருபவர்கள் எல்லோரும் முனைவர் நிலைப் பட்டத்தில்தான் சேருகிறார்கள். டிஎன்பி அல்லது டிஎன்ஏபி. முழுநேரம், குறைந்தது மூன்று வருடம். முதலில் உடற்கூறு, மருந்தியல், மயக்க வாயுக்களின் இயற்பியல், பிறகு தியேட்டர். குறைந்தது 2,000 கிளினிக்கல் மணி நேரமும் 600 கேஸ்களும் முடித்தாக வேண்டும். குழந்தைகள், பிரசவம், இதயம், மூளை என்று ஒவ்வொரு வகைக்கும் தனிக் கணக்கு உண்டு. முடிந்ததும் சிஆர்என்ஏ சான்று தரும் என்பிசிஆர்என்ஏ என்ற அமைப்பு நடத்தும் தேசியத் தேர்வு, 100 முதல் 170 கேள்வி வரை. அதில் தேறினால் மாநில லைசென்ஸ் வாங்கி வேலைக்குப் போகலாம்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு

இந்திய வரிசையைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் ஐரோப்பாவைப் பார்க்கலாம். ஜெர்மனியில் பி2 நிலை ஜெர்மன், பட்ட அங்கீகாரம் இரண்டும் முடித்து நர்ஸாகச் சேர்ந்தபின், தீவிர சிகிச்சை மற்றும் அனஸ்தீசியா நர்சிங்கில் இரண்டாண்டு சிறப்புப் பயிற்சி உண்டு. வேலையில் இருந்தபடியே, சம்பளத்தோடு. அங்கே மயக்கம் கொடுப்பது டாக்டர், நர்ஸ் பக்கத்தில் நின்று உதவுபவர். அதிகாரமும் சம்பளமும் அமெரிக்கா அளவுக்கு இல்லை, ஆனால் வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டாம். ஸ்வீடனில் நர்ஸே மயக்கம் கொடுக்கிறார், ஓராண்டு சிறப்புப் படிப்பு. ஸ்வீடிஷ் மொழியும் அந்நாட்டு லைசென்ஸும் வேண்டும்.

பிரான்ஸில் அனஸ்தீசியா நர்ஸ் பயிற்சி இரண்டு ஆண்டு, 2014 முதல் முதுநிலைத் தகுதி. ஆனால் அதற்கு முன் பிரெஞ்சு அரசின் நர்ஸ் டிப்ளமா வேண்டும், இந்திய நர்சிங் பட்டம் அங்கே அப்படியே செல்லாது. தேர்வு எழுதி, படிப்பில் ஒரு பகுதி விலக்கு வாங்கி, மீதியைப் படிக்க வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் பிரெஞ்சு மொழியும் ஏற்கனவே இருக்கும் புதுச்சேரி நர்ஸ்களுக்கு இது அமெரிக்காவைவிடக் கிட்டத்தில் இருக்கும் வழி. மொழி தெரியாதவர்களுக்கு ஜெர்மனியே மேல்.

ஜெர்மனிக்கு ஏஜென்சியைத் தேடும் முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓஎம்சிஎல் அறிவிப்புகளைப் பாருங்கள். நர்ஸ்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சியும் ஆள்சேர்ப்பும் அவ்வப்போது நடத்துகிறார்கள். எந்த ஏஜென்சியானாலும் மொழிப் பயிற்சிக்கு மேல் "விசா செலவு" என்று லட்சங்களை முன்பணமாகக் கேட்டால், ரசீது எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது தரத் தயங்கினால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.